மைதானம் இல்லாத அணியும் மச்சானின் யோசனையும்

செட்டிபாளையம்,
பங்குனி, அறுவடைக் காலம்.

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் உதயரூபனுக்கு,

உன் அக்காவின் புருஷன் அழகரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா அன்னப்பூரணியும் உன் மருமகள் தனுஷியாவும் மாமாங்கேஸ்வரர் புண்ணியத்தில் சுகமாயிருக்கிறோம். அங்கே நீயும் உன் பெண்சாதி பிள்ளைகளும் குளிரில் விறைத்துப்போகாமல் சுகமாயிருக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டிருக்கிறோம். சுகம் விசாரிக்கிற வேலை இதோடு முடிந்தது. இனி நான் கத்தப்போகிறேன்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே, என்னத்துக்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வசனத்தை முடிக்க முதல் நீ மூன்று யோசனை சொல்லிவிடுவாய். கடிதத்துக்குள் நீ இடையில் புக ஏலாது. அதனால்தான் கனடாவுக்குப் புறப்படுகிற களுவாஞ்சிகுடி ஆள் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஒரு இடத்தில் இருந்து முழுவதையும் வாசி. வாசித்து முடியுமட்டும் வாயைத் திறக்காதே.

மச்சான், நீ அங்கே ஹொக்கி அரங்கில் பனிக்கட்டித் தரையை மட்டமாக்குகிற வண்டி ஓட்டுகிறவன். நல்ல வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டியில் சுற்றிச் சுற்றி ஓடி உனக்கு ஒரே ஒரு கதைதான் தலைக்குள் நின்றுவிட்டது. உங்கள் ஊர் அணி ஒருகாலத்தில் பழைய அரங்கு காணாது என்று மூட்டைகட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போன கதை, பிறகு ஊரார் அழுது புரண்டு புது அரங்கு ஒன்றைக் கட்டித் திறந்துவைத்தபிறகு வேறோர் ஊரின் அணி வந்து அதில் குடியேறின கதை. "அத்தான், ஆட்டக்காரர் பெரிசில்ல, ரசிகர் பெரிசில்ல. அரங்கு எங்க சும்மா கிடக்கோ அங்கதான் டீம் போகும்" என்று நீ சொல்லாத கலியாணவீடு இல்லை, சொல்லாத செத்தவீட்டு அந்தியேட்டி இல்லை. கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப்போயிருந்தது. அந்தக் கதை ஒருநாள் என் வீட்டு வாசலுக்கு வரும் என்று நான் கண்டேனா?

உனக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் ஒழுங்காகச் சொல்கிறேன். தனுஷியா கோல் காப்பாளராக நிற்கிற வாவித் தாரகைகள் அணி, கிழக்குக் கரைப் பெண்கள் லீக்கில் சம்பளத்துக்கு விளையாடுகிற மண்தரை ஹொக்கி அணி. அதை வாங்கி நடத்துகிறவர் காத்தான்குடித் துணிக்கடைக்காரர் நௌஷாட் ஹாஜியார். மேலாளர் நான். மேலாளர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைக்காதே. போன வருஷம் வேலிக்கரையில் நின்று நடுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். ஹாஜியார் வந்து, "அண்ணன், இவ்வளவு தொண்டை இரிக்கிற ஆள் வெளியால நிண்டு வீணாப் போகப்படாது" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். அன்றிலிருந்து என் சைக்கிள் கடையில் வால்வு ரியூப் வாங்க வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த வருஷம் லீக்காரர் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வோர் அணியும் தன் ஊர் மைதானத்தில் ஏழு சனிக்கிழமை ஆடவேண்டும். அந்த ஏழு சனிக்கிழமையும் மைதானம் அணிக்குத்தான் என்று முன்கூட்டியே உறுதி காட்டவேண்டும். காட்டாவிட்டால் அணிச் சொந்தக்காரர் மைதானம் இருக்கிற ஊருக்கு அணியைக் கொண்டுபோகலாம். நான் நினைத்தேன், ஏழு சனிக்கிழமைதானே, இது ஒரு காரியமா என்று. எங்கள் ஊர் மைதான பரிபாலன சபைத் தலைவர் சாமித்தம்பி அண்ணனிடம் போனேன். அவர் முற்றத்தில் இருந்து பல்லுக் குத்திக்கொண்டே சொல்கிறார், முதல் சனிக்கிழமை வாவிக்கு அக்கரைப் படுவான்கரை வயல் வட்டையில் வெட்டின நெல் வந்து இறங்குமாம், அதைக் காயப்போட மைதானம் வேண்டுமாம். அடுத்ததும் நெல்லாம், ஏனென்றால் முதல் நெல் காயாவிட்டால் என்ன செய்வதாம். அதற்கடுத்தது ஒரு கலியாணம், வாகனம் விட இடம் வேண்டுமாம். பிறகு கோயில் திருவிழாக் கடைகள், மாடுகளுக்கு ஊசி போடுகிற நாள், யாரோ ஒருவரின் பொதுக்கூட்டம், அந்தப் பொதுக்கூட்டத்துக்குப் பதில் சொல்ல இன்னொரு பொதுக்கூட்டம். "மாரி காலத்துல வாங்களன், அப்ப ஒருத்தரும் கேக்கமாட்டாங்க" என்றார். மாரி காலத்தில் ஏன் கேட்கமாட்டார்கள் என்றால், வாவித் தண்ணீர் ஏறி மைதானத்தில் மீன் துள்ளும்.

"அண்ணன், கனடாவுல வருஷம் முழுக்க மைதானம் ஹொக்கிக்கு ரெடியா இரிக்கு" என்று உன்னை வைத்து ஒரு போடு போட்டேன். அவர் யோசித்தார். "அங்க தரையில என்ன?" என்று கேட்டார். பனிக்கட்டி என்றேன். "அதுதானே பார்த்தன். ஐஸுக்கு மேல நெல்லுக் காயுமா? காயாது. அதான் சும்மா கிடக்கு" என்று வழக்கை முடித்துவிட்டார். மச்சான், நீ இருபது வருஷமாகச் சொன்ன விளக்கத்தை அவர் ஒரு வாயில் சொல்லிவிட்டார்.

சரி, நெல்லோடேயே ஆடிவிடுவோம் என்று லீக் தொடங்க முதல் ஒரு சிநேகபூர்வ ஆட்டம் வைத்தேன். அந்த அவமானத்தை எழுத என் கை கூசுகிறது. மைதானத்தின் ஒரு மூலை முழுக்க நெல் பரவிக் கிடந்தது. மிச்சத்தில் ஆடினோம். சரிசமமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எதிரணிக்காரி அடித்த அடியில் பந்து உருண்டுபோய் நெல்லுக்குள் புதைந்துவிட்டது. நடுவர் விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் நிற்கிறார், நெல்லுக்குள் பந்து போனால் என்ன செய்வது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லையாம். பிள்ளைகள் தேட இறங்கினார்கள். சாமித்தம்பி அண்ணனின் பெண்சாதி இரத்தினம்மா ஓடிவந்து, "அடியேய், சப்பாத்தோட நெல்லுக்க இறங்காதீங்க! நீங்க சோறு தின்னுறதில்லையா?" என்று ஒரு சத்தம். உடனே எல்லாப் பிள்ளைகளும் சப்பாத்தைக் கழற்றினார்கள். தனுஷியா காலில் கட்டியிருந்த காப்பு, முகமூடி, கையுறை எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டு வெறுங்காலோடு நெல் துழாவுகிறாள். கடைசியில் சாமித்தம்பி அண்ணன் நெல் கிளறுகிற பலகையைக் கொண்டுவந்து ஒரு இழுவை இழுத்தார். பந்து வெளியே வந்தது. வந்தது மட்டுமா, நேரே உருண்டு எதிரணிக்காரியின் மட்டைக்குப் போனது. நடுவருக்கு அந்த நேரம் பார்த்து ஞானம் வந்து, "ஆட்டம் நடக்குது" என்று கையைக் காட்டினார். கோல் வாசலில் ஒரு காகம்கூட இல்லை. அவள் நடந்துபோய் அடித்தாள். கோல் அவர்களுக்கு, பந்து கொடுத்தது எங்கள் மைதானத் தலைவர்! அவர் பலகையை ஊன்றிக்கொண்டு, "நல்ல அடி" என்று பாராட்டுகிறார். எனக்கு வந்த விசருக்கு அந்த நெல்லில் விழுந்து உருளலாம் போலிருந்தது.

ஹாஜியார் இதை வேலிக்கரையில் நின்று பார்த்தார். அவர் சத்தம் போடுகிற மனுசனில்லை. ஆட்டம் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணன், எனக்கு ஊர்ப் பாசம் இல்லெண்டு நினைக்காதீங்க. ஆனா கிரவுண்ட் இல்லாம டீமை நான் என்ன செய்யிற? கடைக்குள்ள சாரன் அடுக்குற ராக்கையில வெச்சா வெளாட விடுவாங்களா?" என்றார். திருகோணமலைப் பக்கம் ஒருவர் புது மைதானம் கட்டி, லைட் எல்லாம் போட்டு, பக்கத்திலேயே பிள்ளைகள் தங்க விடுதியும் கட்டி வைத்திருக்கிறாராம். மைதானம் இருக்கிறது, ஆட அணி இல்லை. "வாங்க வாங்க" என்று ஹாஜியாருக்கு ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறாராம்.

மச்சான், அணி போனால் தனுஷியாவும் போவாள். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. இவள் விடுதியில் இருந்து, யாரோ சமைத்ததைத் தின்று, மாசத்துக்கு ஒருதரம் பஸ் ஏறி வந்து, விருந்தாளி மாதிரி முன் கதிரையில் இருந்துவிட்டுப் போவதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. அணியைப் பற்றி ஊரெல்லாம் நியாயம் பேசினேன், ஊர் மானம் என்றேன், விளையாட்டு வளர்ச்சி என்றேன். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மைதானமும் தேவையில்லை, ஊர் மானமும் தேவையில்லை. என் பிள்ளை என் வீட்டில் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தானே நீ போன் எடுத்தாய்! "அத்தான், சும்மா கெஞ்சினா ஒருத்தனும் தரமாட்டான். இஞ்ச எல்லா டீமும் என்ன செய்யிறது தெரியுமா? பக்கத்து ஊர் அரங்கைக் காட்டி, போகப்போறம் எண்டு மிரட்டுறது. அப்பதான் சொந்த ஊர்க்காரன் பயந்து புது அரங்கு கட்டிக் குடுப்பான். நீங்களும் பழுகாமத்துக்குப் போறம் எண்டு ஒரு கடிதம் எழுதுங்க" என்றாய். நானும் மண்டையில் ஒன்றுமில்லாதவன் மாதிரி உட்கார்ந்து எழுதினேன். நல்ல எழுத்து மச்சான், எனக்கே மயிர் கூச்செறிந்தது. 'மைதான பரிபாலன சபைத் தலைவர் அவர்கட்கு. எமக்கு மைதானம் மறுக்கப்பட்டமையால் வாவித் தாரகைகள் அணியினராகிய நாம் இம்மண்ணை விட்டுப் பழுகாமத்துக்குப் போகிறோம்.' இதைச் சத்தமாக வாசித்தேன். குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்த உன் அக்கா கத்தியோடு வெளியே வந்தாள்.

"என்ன எழுதுறயள் நீங்க? போறம் எண்டா எழுதுறது? செத்த வீட்டுலதான் சொல்லாமப் பறையாமப் போறது. நல்லா இருக்கிற புள்ளயள் விளையாடுற டீமுக்குப் போறம் எண்டு எழுதுவாங்களா? போயிட்டு வாறம் எண்டு எழுதுங்க" என்றாள்.

"அடியே, இது மிரட்டுற கடிதம்" என்றேன்.

"மிரட்டுங்க. அதுக்கு ஏன் வாயில அபசகுனம்? நான் பெத்த புள்ள போற டீம் அது" என்றாள்.

கையில் கத்தி இருக்கிறவளோடு இலக்கணம் பேச ஏலுமா? 'போகிறோம்' என்பதை வெட்டிவிட்டு 'போய்வருகிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நாசமாய்ப் போச்சு.

அடுத்த நாள் பின்னேரம் பயிற்சிக்குப் போனால் மைதான வாசலில் நிறைகுடம். இரண்டு பக்கமும் வாழை. சாமித்தம்பி அண்ணன் சபையாரோடு பட்டு வேட்டியில் நிற்கிறார். மேலே ஒரு துணியில் 'பழுகாமம் சென்று வெற்றியோடு திரும்பிவர வாழ்த்துகிறோம்' என்று எழுதியிருக்கிறது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊர்ச் சனம் கைதட்டுகிறது. இது மிரட்டல் என்று நான் அந்தச் சனத்துக்கு நடுவில் எப்படிச் சொல்ல? பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சாமித்தம்பி அண்ணன் என் காதுக்குள், "அப்ப எப்ப திரும்பி வாறயள்?" என்றார்.

"அண்ணன், நாங்க விளையாடிப்போட்டு வாறதுக்குப் போகல்ல..."

"என்ன கதை? நீங்க எழுதினது இந்தாக் கிடக்கு. போய்வருகிறோம். வடிவா எழுதியிரிக்கிறயள். மறுகா, நீங்க வருமட்டும் கிரவுண்ட் சும்மா கிடக்கக்கூடாதெண்டு மாசிக் கருவாட்டுக் கடைக்காரருக்கும் கொஞ்ச நாள் குடுத்திட்டம். உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

மிரட்டப்போய் நான் கண்ட லாபம் இது. முன்னே நெல் மட்டும்தான் கிடந்தது, இப்போது கருவாடும் வந்து சேர்ந்தது.

இதோடு முடிந்ததா? முடியவில்லை. மிரட்டலை நம்பவேண்டியவர்கள் நம்பவில்லை. நம்பக்கூடாதவர்கள் நம்பிவிட்டார்கள். பழுகாமத்திலிருந்து ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டி நிறைய ஆட்கள் எருமைத் தயிர்ச் சட்டிகளோடு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். "எங்கட ஊருக்கு டீம் வாறதெண்டு கேள்விப்பட்டம், கிரவுண்டைப் பார்க்க வாங்க" என்று ஒரே பிடி. தயிரைத் தின்றபிறகு மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? பட்டிருப்புப் பாலத்தால் அங்கால் போனேன். மச்சான், பார்வையாளர் மண்டபம் என்றால் அது மண்டபம். படி வைத்து, தகரம் போட்டு, நீலப் பெயின்ற் அடித்து, 'அதிதிகள்' என்று கதிரையில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதில் ஏறி இருந்து முன்னால் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் விளைந்த நெல்.

"கிரவுண்ட் எங்க?" என்றேன்.

"இந்தா" என்றார் அவர்களின் தலைவர்.

"இது வேளாண்மையெல்லோ?"

"வெட்டினாக் கிரவுண்ட்."

"மறுகா?"

"மறுகா சிறுபோகம் விதைப்பம்."

"அப்ப எப்பதான் விளையாடுறது?"

"வெட்டினதுக்கும் விதைக்கிறதுக்கும் நடுவுல" என்று அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். நான் அந்த அதிதிக் கதிரையில் இருந்துகொண்டு உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன், நல்ல மாதிரி இல்லை.

இதற்குள் ஹாஜியாருக்கு எல்லாக் கதையும் போய்விட்டது. பொன்னாடை போர்த்தின படத்தை யாரோ போனில் அனுப்பியிருக்கிறார்கள். எனக்குச் சொல்லாமல் என் டீமைப் பழுகாமத்துக்குக் கொண்டுபோக நீங்கள் யார் என்று முதல்முறையாக என்மேல் சத்தம் வைத்தார். பிறகு இரங்கி, "அண்ணன், கடைசியாச் சொல்றன். வர்ற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்ச கையோட ஏழு சனிக்கிழமையும் எனக்குக் கையில வேணும். இல்லாட்டி நான் திருகோணமலைக்கு ஓம் எண்டு சொல்லிர்றன். மறுகா என்னில கோவிக்கப்படாது" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் சாமித்தம்பி அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரத்தினம்மா முற்றத்தில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வழமை போலப் பல்லுக் குத்திக்கொண்டிருந்தார். நான் எல்லாம் சொன்னேன். திருகோணமலை சொன்னேன், லைட் சொன்னேன், விடுதி சொன்னேன், என் பிள்ளையைச் சொன்னேன். மனுசன் அசையவில்லை.

"அழகரத்தினம், நீங்க சொல்லுறது எனக்கு விளங்காமலில்லை. ஆனா நெல்லு நனைஞ்சா முளைச்சிப்போகும். உங்கட பந்து நனைஞ்சா முளைக்குமா?" என்றார்.

எனக்கு ஏறிவிட்டது. "சரி அண்ணன். அப்ப நாங்க போறம்" என்றேன்.

"ஓம், போயிட்டு வாங்க."

"போயிட்டு வாறமெண்டு நான் சொல்லல்ல. போறம்."

"ஓமோம், அதுதான், போயிட்டு..."

"வரமாட்டம்! போறம்! போறம் எண்டாப் போறம்தான்!"

இரத்தினம்மாவின் கையிலிருந்த சுளகு கீழே விழுந்தது. அரிசி முற்றமெல்லாம் கொட்டுப்பட்டது. "ஐயோ என்ட மாமாங்கேஸ்வரா! வெள்ளிக்கிழமையுமா இந்த வாய்? விளக்கேத்துற வீட்டு வாசல்ல நிண்டு போறம் போறம் எண்டு கத்துறார்! பத்துப் பதினைஞ்சு குமர்ப்புள்ளயள் இருக்கிற டீமுக்கு இந்தச் சொல்லா?" என்று தலையில் கைவைத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். நீ பார்த்திருக்க வேண்டும் மச்சான். "அவர் கேக்கிறதக் குடுத்து அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கச் சொல்லுங்க. இல்லாட்டி உங்கட நெல்லு இந்த வாசலுக்கு வரக்கூடாது. அந்தப் புள்ளயளுக்கு ஒண்டு நடந்தா ஊர் ஆரைச் சொல்லும்? என்னையெல்லோ சொல்லும்!"

சாமித்தம்பி அண்ணன் பல்லுக் குத்தியைத் தூக்கி எறிந்தார். அந்த மனுசன் அவ்வளவு வேகமாய் எழும்பினதை நான் அன்றுதான் பார்த்தேன். மத்தியானத்துக்குள் நெல் ரோட்டுக் கரைக்குப் போனது. கருவாட்டுக் கடை கடற்கரைக்குப் போனது. கலியாண வாகனம் பாடசாலை வளவுக்குப் போனது. திருவிழாக் கடைகள் கோயில் வீதிக்குப் போயின. இரண்டு பொதுக்கூட்டக்காரரையும் ஒரே நாளில் ஒரே மேடையில் பேசச் சொல்லிவிட்டார்கள், அது எப்படி முடிந்தது என்று பிறகு எழுதுகிறேன். மாட்டுக்கு ஊசி போடுகிறவர்கள் வீடு வீடாக வருவார்களாம். ஏழு சனிக்கிழமையும் கையெழுத்தோடு என் கைக்கு வந்தது. ஆனால் இரத்தினம்மா என்னைப் படலையடியில் மறித்து, "சொல்லிப்போட்டுப் போங்க" என்று நின்றாள். "போயிட்டு வாறன் அக்கா" என்று அயல்வீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னபிறகுதான் வழி விட்டாள்.

ஹாஜியார் காகிதத்தை வாங்கிப் பார்த்து, "மாஷா அல்லாஹ், டீம் இங்கதான்" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். திருகோணமலைக்காரருக்கு என் முன்னாலேயே போன் எடுத்து, வரமாட்டோம் என்று சொன்னார்.

ஆகவே மச்சான், இதை வாசித்து நீ விளங்கிக்கொள்ள வேண்டியது என்னவென்றால், உன் யோசனையால் ஒன்றும் நடக்கவில்லை, உன் யோசனை இருந்தும் எல்லாம் நடந்தது. இனிமேல் நீ எனக்கு எந்த யோசனையும் சொல்லக்கூடாது. அரங்கு என்ற சொல்லை என் காதில் போடக்கூடாது. உங்கள் ஊர் அணி போனாலென்ன, வந்தாலென்ன. எங்கள் அணி போகவில்லை. பின்னேரம் பயிற்சி முடிந்து கால் நிறைய மண்ணோடு குசினிக்குள் நுழைந்து, "அம்மா என்ன கறி?" என்று சட்டியைத் திறந்து பார்க்கிறாளே என் பிள்ளை, அது எனக்குப் போதும். சைக்கிள் கடை பூட்டிக் கிடந்தாலும் பரவாயில்லை. நான் இப்போது நல்ல நிம்மதியாக இருக்கிறேன்.

உன் பெண்சாதிக்கு என் அன்பு. பிள்ளைகளின் தலையில் என் சார்பில் கைவைத்து, நல்லாயிருங்கள் என்று சொல். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரி, அதிலே இன்னொரு நன்மையும் உண்டு, பனிக்கட்டிக் கதை யாராவது சொன்னால் கேட்காது. மாமாங்கேஸ்வரர் துணை.

இப்படிக்கு,
வாவித் தாரகைகளின் மேலாளரும்
உன் அத்தானுமாகிய
அழகரத்தினம்

பி.கு.: களுவாஞ்சிகுடி ஆளின் பயணம் பிந்திவிட்டது, அதனால் ஒட்டின கடிதத்தை உடைத்து இதை எழுதுகிறேன்.

நாங்கள் வரமாட்டோம் என்றதும், மைதானத்தைக் கட்டி லைட்டையும் போட்டுவிட்டு ஒரு மனுசன் சும்மா இருக்கிறானே என்று லீக்காரர் திருகோணமலைக்குப் புதிதாக ஓர் அணியையே கொடுத்துவிட்டார்கள். புது அணிக்குப் பழைய அணிகள் ஆளுக்கொரு ஆட்டக்காரியைக் கொடுக்கவேண்டுமாம். நேற்று ஹாஜியார் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, "நான் ஒருத்தரையும் தள்ளமாட்டன் மனே, விருப்பமான ஆள் சொல்லுங்க" என்றார். நான் பக்கத்தில் நின்று யார் கையை உயர்த்தப்போகிறாள் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். உயர்த்தினது தனுஷியா.

வீட்டுக்கு வரும் வழியில் அவள்தான் பேசினாள். "கிரவுண்டுக்காக ஊரெல்லாம் ஏறி இறங்கினீங்களே அப்பா, என்னட்ட ஒருக்காக் கேட்டீங்களா?" என்றாள்.

"என்னத்தைக் கேக்க?" என்றேன்.

"எனக்குப் போக விருப்பமா எண்டு." மட்டைப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "அங்க லைட் இரிக்கப்பா. பந்து வரக்கொள்ள கண்ணுக்குத் தெரியும். நான் நல்ல கோல் காப்பாளரா இல்லையா எண்டு எனக்கே அங்கதான் தெரியவரும்" என்றாள்.

மச்சான், எனக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் ஆச்சரியம். வீட்டுக்கு வந்தால் உன் அக்கா அவளுடைய பையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பிள்ளையின் விருப்பம் அவளுக்கு ஒரு மாசமாகத் தெரியுமாம். எல்லாருக்கும் தெரியுமாம், என் தொண்டைதான் பெரிது, காது இல்லையாம்.

லீக் அட்டவணை இன்று காலை வந்தது. முதல் சனிக்கிழமை, எங்கள் மைதானத்தில், வாவித் தாரகைகளும் திருகோணமலையும். என் பிள்ளை அந்தப் பக்கக் கோலில் நிற்பாள். மேலாளர் நான் இந்தப் பக்கம், பக்கத்தில் ஹாஜியார். எங்கள் பிள்ளைகள் அவளுக்கு ஒரு கோல் அடித்தால் நான் எழும்பிக் கைதட்டவேண்டும். கைதட்டினால் உன் அக்கா எனக்குச் சோறு போடமாட்டாள், தட்டாவிட்டால் ஹாஜியார் என் முகத்தைப் பார்ப்பார். ஊரும் பார்க்கும். நீ அத்தனை அரங்குகளில் வேலை செய்தவன். பிள்ளை எதிரணியில் நிற்கிற அப்பன்மார் அங்கே அந்த நேரம் கையை என்ன செய்கிறார்கள் என்று யாரிடமாவது கேட்டுச் சொல். சனிக்கிழமைக்கு முதல் சொல். போனிலேயே சொல்.